கண்ணாடிய கழட்டுனா வாசிக்கணும்

இன்னும் கழட்டல. மூக்குல இருந்து கொஞ்சம் எறங்கியிருக்கு, வேர்வைதான், ஒத்த வெரலால மேல தள்ளிவிட்டுட்டு பாஸ்டர் தவசீலன் மறுபடியும் அந்த வாடகை வீட்டு உவமைக்கே போயிட்டாரு. வாடகை வீட்டுக்கு யாராவது டைல்ஸ் போடுவீங்களா, சொல்லுங்க, போடுவீங்களா. சபை சிரிக்கி. மாட்டோம் பாஸ்டர்னு முன்வரிசைல ஒரு அக்கா பதில் வேற சொல்லுது. இந்த ஒடம்பு வாடகை வீடு, இன்னைக்கோ நாளைக்கோ காலி பண்ணணும், நமக்கு சொந்த வீடு மேல ரெடியா இருக்கு, சாவி நம்ம பேருல இருக்கு. நான் கீபோர்டுக்குப் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்து அவரு கண்ணாடியவே பாத்துக்கிட்டு இருக்கேன். போன மாசம் அவரு வீட்டுக்கு டைல்ஸ் எறக்கும்போது ரெண்டாவது மாடி வரைக்கும் தூக்கிட்டுப் போனது நானும் டிரம் அடிக்கிற ரூபனும்தான். வெள்ளை டைல்ஸ், ஓரத்துல சாம்பல் கலர்ல பூ. அதச் சொல்லணும்போல இருக்கு. மைக்க வாங்கி, ஒரே ஒரு வரி. சொல்லமாட்டேன். நான் எதையும் சொல்லப் போறது இல்ல. நான் செய்யப் போறது ஒரே ஒரு காரியம், அது என்னன்னா ஒண்ணும் செய்யாம இருக்கது. அவரு கண்ணாடிய கழட்டுவாரு. கழட்டுனா நான் வாசிக்கணும். இன்னைக்கு வாசிக்க மாட்டேன்.

வெளிய இருந்து வாரவங்களுக்கு இது தெரியாது. மூணு வருசத்துக்கு முன்னாடி நான் சபைல கீபோர்டு வாசிக்க ஆரம்பிச்ச மொத வாரமே பாஸ்டர் தனியா கூப்பிட்டு சொல்லிக் குடுத்தது இது. காலேப் தம்பி, பிரசங்கம் முடியப்போகுதுன்னா நான் கண்ணாடிய கழட்டுவேன், ஒடனே நீ மெதுவா ஆரம்பிச்சிரு, ஜெபம் முடிஞ்சு நான் கண்ணாடிய மாட்டுனா நிறுத்திரு. ஏன் பாஸ்டர்னு கேட்டேன். கண்ணாடி இல்லன்னா எனக்கு யார் மொகமும் தெரியாது, அப்பதான் எனக்கு ஜெபம் வரும்னாரு. நல்ல பதில். அவருகிட்ட எல்லாத்துக்கும் நல்ல பதில் இருக்கும், அதுதான் எரிச்சல். நான் ஆரம்பிக்கிற அந்தச் சத்தத்துக்கு பேடுன்னு பேரு. பாட்டு கெடையாது, தாளம் கெடையாது, சும்மா ஒரு பொகை மாதிரி. எடது கை சுண்டுவெரல் அடில ஒரு எஃப், மேல மூணு வெரலு, அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்கணும், வால்யூம கொஞ்சங் கொஞ்சமா ஏத்தணும், எப்ப ஆரம்பிச்சதுன்னே யாருக்கும் தெரியக்கூடாது. அங்கன இருந்து ஜி மைனருக்கு, அந்த சோகச் சத்தத்துக்கு, நகந்தேன்னு வையி, நாலாவது வரிசை வரைக்கும் முந்தானை கண்ணுக்குப் போகும். வயலின் மாதிரி வார ஸ்ட்ரிங்ஸ கலந்தா ஆம்பளைங்களும் அழுவாங்க, துறைமுகத்துல மூட்டை தூக்குற அண்ணன்லாம் குலுங்கிக் குலுங்கி அழுவாங்க. ஆவியானவர் எறங்குதாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் சொன்னேன், நெசமாவே நம்புனேன், எனக்கே முதுகுல சில்லுனு ஓடும். என் தம்பி ஓபேது மட்டும் சவுண்ட் மிக்சர் பக்கத்துல நின்னுக்கிட்டு கண்ணடிப்பான். சபையோட வயரு, பிளக்கு, மைக்கு எல்லாம் அவன் பொறுப்பு. பைக்குல வீட்டுக்குப் போகும்போது பின்னாடி உக்காந்து காதுல கேப்பான், அண்ணே, இன்னைக்கு எறங்குனது ஆவியானவரா, ஜி மைனரா. அப்படிலாம் பேசாதல, பாவம்னு நான் முழங்கையால இடிப்பேன். இப்ப அந்த மிக்சர் பக்கத்துல பாஸ்டரோட மச்சான் உக்காந்திருக்காரு. எந்த குமிழு எதுக்குன்னு அவருக்குத் தெரியாது, தெரியாததுனால எதையும் தொட மாட்டாரு, ஓபேது கடைசியா எங்கெங்க திருப்பி வச்சிட்டுப் போனானோ எல்லாம் அங்கங்கதான் நிக்கி. ரெண்டு மாசமா. ஒரு மனுசன் பத்தொம்பது வருசம் இருந்ததுக்கு மிச்சம் ஒரு மிக்சர்ல பதினாறு குமிழு நிக்கிற நெலை. அதையும் ஒருநாள் யாராவது தொடைக்கேன்னு திருப்பிருவாங்க.

எங்கம்மா மூணாவது வரிசைல, ஓரத்து சேருல. முக்காடு போட்டு, மடில பைபிள வச்சு, அதுக்கு மேல கைக்குட்டை. கைக்குட்டை மடிச்சபடி இருக்குன்னா இன்னும் அழ ஆரம்பிக்கலன்னு அர்த்தம். நான் அதையும் பாக்கேன், கண்ணாடியையும் பாக்கேன், கண்ணாடி, கைக்குட்டை, கண்ணாடி. வீட்ல அவ ஒரு சொட்டு கண்ணீர் விட மாட்டா. மொத வாரம் விட்டா. ஓபேதோட ஈரத்துண்டு கொடில அப்படியே கெடந்தது, அத எடுத்து மடிக்கப் போனவ மொகத்துல பொத்திக்கிட்டு உக்காந்துட்டா, நான் அப்பதான் கம்பெனில இருந்து வாரேன், என்னன்னு தெரியல, எனக்கு அப்படி ஒரு வெறி, அழாதன்னு கத்துனேன், அழுதா அவன் வரப்போறானா, ஒன் கர்த்தர்கிட்ட போயிக் கேளுன்னு கத்துனேன், மாடில வீட்டுக்காரரு எட்டிப் பாத்தாரு. அவ எந்திரிச்சு மொகத்த கழுவிட்டு வந்து சாப்பிடுதியான்னு கேட்டா. அதுக்குப் பொறவு அழல. வேலைக்குப் போற நாள்ல நான் எந்நேரம் வந்தாலும் சாப்பிடுதியா, அவ்வளவுதான் பேச்சு. ஓபேதோட போட்டோவ பெருசு பண்ணி ஃபிரேம் போட்டு வாங்கிட்டு வந்தோம், செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரரு முன்னாடியே சொல்லியிருக்காரு, அதனால அவன் ஃபிரிட்ஜுக்கு மேல செவுத்துல சாஞ்சு நிக்கான். ஃபிரிட்ஜு ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் போட்டோ நடுங்கும். அந்த நேரம் ரெண்டு பேரும் சாப்பிடுறத நிறுத்திட்டு தட்டையே பாத்துக்கிட்டு இருப்போம், நடுக்கம் நிக்கிற வரைக்கும். வாடகை வீட்டப் பத்தி எங்களுக்குப் பிரசங்கம் பண்ணுதாரு பாஸ்டரு. ஆனா ஞாயித்துக்கெழம அவ அழுவா. கண்ணாடி எறங்குனதும், என் பேடு ஏறுனதும், கைக்குட்டைய விரிச்சு மொகத்த மூடி, தோளு குலுங்க, சத்தமே வராம அழுவா. வீட்டுக்கு வந்து பாத்தா வேற ஆளு. சாளை மீனு பொரிப்பா, ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டே மொணமொணன்னு ஏதோ பாடுவா, ரெண்டு தரம் சோறு வாங்கி சாப்பிடுவா. திங்கக்கெழம மறுபடியும் அரைவயிறு. சரி, பாஸ்டர் சொல்லுத அந்த மேல் வீட்ட நம்பித்தான் இவ ஒரு வாரத்த ஓட்டுதான்னு நான் கணக்குப் போட்டேன். இருந்துட்டுப் போட்டும்னு விட்டேன். போன வாரம் வரைக்கும்.

போன வாரம் நடந்தத நான் யாருகிட்டயும் சொல்லல. கண்ணு தொறந்தே வாசிச்சேன், எங்கம்மா தோளப் பாத்துக்கிட்டே. மைனருக்கு மாத்துனேன், தோளு குலுங்கிச்சு. மேஜருக்கு வந்தேன், நின்னுச்சு. மறுபடியும் மைனரு, மறுபடியும் குலுங்கிச்சு. வால்யூம எறக்குனேன், கைக்குட்டை கீழ வந்துச்சு. ஏத்துனேன், மேல போச்சு. மூணு தரம் செஞ்சேன். மூணு தரமும். ஒரு கயித்தக் கட்டி அவ தோள என் வெரல்ல முடிஞ்சு வச்ச மாதிரி. பொறவு ஜெபம் முடிஞ்சு, பாஸ்டர் கண்ணாடி மாட்டி, நான் நிறுத்தி, சபை ஹாலுக்குக் கீழ இருக்க டயர் கடைக்குப் பின்னாடி போயி வாந்தி எடுத்தேன். இப்ப நீங்களே சொல்லுங்க, அவ நம்புறாளே, அந்த மறுமை, அந்த சாகாத ஊரு, ஓபேது வாசல்ல வந்து நிப்பாங்கிறது, அது யாரோடது. கர்த்தரோடதா, பாஸ்டரோடதா, இல்ல, ஜப்பான்காரன் ஒரு பொட்டிக்குள்ள வச்சு வித்த ஒரு சத்தமா. அந்தச் சத்தத்த அமுக்குறது நான். அப்ப நான்தான் அவளுக்கு நித்தியஜீவன் குடுத்துக்கிட்டு இருக்கேனா, பத்து பத்து நிமிசமா, வாரத்துக்கு ஒரு தரம். இத நெனச்சதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அதான் முடிவு பண்ணேன், இன்னைக்கு அவரு கண்ணாடிய கழட்டட்டும், கழட்டிட்டு எப்பவும் கேக்குற அந்தக் கேள்வியக் கேக்கட்டும், செத்துப்போன ஒங்க பிரியமானவங்கள மறுபடியும் பாப்போம்னு நிச்சயம் உள்ளவங்க எந்திரிங்கன்னு. எப்பவும் சபை மொத்தமும் எந்திரிக்கும், அவளும் எந்திரிப்பா. இன்னைக்கு என் பொட்டி ஊமையா இருக்கும்போது எந்திரிக்காளான்னு பாக்கேன். எந்திரிச்சா அது அவளோடது, நான் ஒதுங்கிக்கிடுதேன். எந்திரிக்கலன்னா. எந்திரிக்கலன்னா என்னலே செய்வ. இந்த எடத்துக்கு வந்து ஒரு வாரமா முட்டிக்கிட்டு நிக்கேன். எந்திரிக்கலன்னா அந்த சாளையும் இல்ல, ரசமும் இல்ல, புருசனையும் முன்னாடியே சாவுக்குக் குடுத்து புள்ளையையும் குடுத்தவகிட்ட இருந்த கடைசி ஒண்ணையும் நான் புடுங்கிப் பாத்துட்டேன்னு ஆகும். தெரிஞ்சும் செய்யத்தான் போறேன். ஏன்னா பொய்யா இருந்தா எனக்கு அது தெரிஞ்சாகணும்.

ஏல, மூஞ்சி ஏன் இப்படி இருக்குங்கான் ரூபன், டிரம் பேடுக்குப் பின்னால இருந்து. ஒண்ணுமில்ல. கீழ எவன் வீட்லயோ பிரியாணி, மணக்கா. ம். இன்னைக்காவது எஃப்ல வாசில, அவன் ஏன் டி ஸ்கேலயே புடிச்சுத் தொங்குதான்னு பாஸ்டரு எங்கிட்ட கேட்டாரு. நீ என்ன சொன்ன. எஃப் கட்டை ரிப்பேருன்னு சொன்னேன், பழுது பாக்க ஆளக் கூட்டிட்டு வாரேன்னுட்டாரு. ரூபன் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கான். அவனுக்கும் காரணம் தெரியாது. எஃப்ல வாசிச்சா ஜி மைனருக்குப் போகணும், ஜி மைனருக்குப் போனா நடுவுல அந்த ஏ ஷார்ப்ப தொடணும், அந்தக் கருப்புக் கட்டைய. அந்த ஒத்தக் கட்டைய நான் ரெண்டு மாசமா தொடல. டி ஸ்கேல்ல அது வராது, அதனால எல்லாப் பாட்டையும் டி-க்கு மாத்திட்டேன், பாடுற அக்காங்களுக்கு கீழ எட்டல, மொணங்குதாங்க, மொணங்கட்டும். ஆஸ்பத்திரில ஓபேது கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு மிஷினு, இதயம் துடிக்கும்போது ஒவ்வொரு தரமும் ஒரு சத்தம் குடுக்கும். ரெண்டாவது நாளு, காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது, கண்ணு தொறந்து மொத பேச்சே அதுதான், அண்ணே, அந்த மிஷினு ஏ ஷார்ப்ல அடிக்கி, கவனிச்சியா, நம்ம எஃப் பாட்டுக்கெல்லாம் சேரும். செல்போன்ல டியூனர் வச்சுப் பாத்தேன், சரியா ஏ ஷார்ப்புதான். டெங்கு. ரத்தத்துல தட்டணு எறங்குது எறங்குதுன்னாங்க. பப்பாளி எலைய அரைச்சு சாறெடுத்து அம்மா கொண்டு வந்தா, ஒரு வாய் குடிச்சிட்டு மூஞ்சிய சுளிச்சான் பாருங்க, இதக் குடிக்கதுக்கு பேசாம பரலோகத்துக்கே போயிரலாம்மான்னான். அம்மா சிரிச்சா. நான் சிரிச்சேன். பக்கத்து கட்டில்காரரு சிரிச்சாரு. ஒரு கட்டில சுத்தி அத்தனை பேரு சிரிச்சோம்.

சபை வாட்ஸ்அப் குரூப்புல அஞ்சு நாளும் ஜெபம். ஆமென், ஆமென், ஆமென், கைகூப்புற படம், கடைசி வரைக்கும் தள்ளிப் பாக்க முடியாது, வெரலு வலிக்கும். பாஸ்டர் நாலு ராத்திரியும் ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சுலதான் படுத்திருந்தாரு, கொசு கடிச்சு கழுத்தெல்லாம் தடிப்பு, டாக்டர் பின்னால என்னவிட வேகமா ஓடுனாரு. அதையும் சொல்லணும்ல. அவரு கெட்டவரா இருந்தா எவ்வளவு சுலபமா இருந்திருக்கும். மூணாவது நாள் தட்டணு கொஞ்சம் ஏறுச்சு, குரூப்புல அல்லேலூயா. அஞ்சாவது நாள் விடியக்காலம் நான் வார்டு கதவத் தொறக்கும்போது அந்த மிஷினு சத்தம் வரல. அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அதே குரூப்புல, அதே ஆளுங்க, நம்ம சகோதரன் ஓபேது மகிமைக்குள் பிரவேசித்தார், ஆமென், ஆமென், அதே கைகூப்புற படம். ஏறுனாலும் ஆமென், எறங்குனாலும் ஆமென். தோக்கவே முடியாத ஒரு வெளாட்டு இது, எப்படி விழுந்தாலும் அவங்கதான் ஜெயிச்சாங்க. எனக்கு அதுதான் ஆத்திரம், யாராவது ஒருத்தன், ஒரே ஒருத்தன், கேட்டோம், கெடைக்கலன்னு எழுதியிருந்தா அவன் கால்ல விழுந்திருப்பேன். அடக்க ஆராதனை இதே ஹால்ல. பெட்டி இங்கன, நான் இப்ப உக்காந்திருக்க எடத்துக்கு நாலடி முன்னாடி. யாரும் என்ன வாசிக்கச் சொல்லல. நான் அம்மா பக்கத்துலதான் இருந்தேன், பாட்டுக்கு கீபோர்டு இல்லாம கூட்டம் தடுமாறுதுன்னு நானாத்தான் எந்திரிச்சு வந்து உக்காந்தேன். பாஸ்டர் பேசுனாரு, பேசிக்கிட்டே கண்ணாடிய கழட்டுனாரு. என் கை போச்சு. நான் போகச் சொல்லல, அது போச்சு. எஃப். மெதுவா, யாருக்கும் தெரியாம, அளவா. பொறவு ஜி மைனர். அந்தக் கருப்புக் கட்டைய அமுக்குனேன், ஹால் முழுக்க அழுகை எழும்புது, எனக்கு கேக்குறது மிஷினு. என் தம்பி பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு ஊரையே அழவச்சது நான், எனக்குக் கண்ணுல தண்ணி இல்ல, வால்யூம் சரியா இருக்கான்னு மிக்சர் பக்கம் திரும்பிப் பாத்தேன். பழக்கம். அவன் கட்டைவெரலத் தூக்கிக் காட்டுவான்னு.

கழட்டுதாரு. இல்ல, தொடைக்காரு, சட்டை நுனில தொடைச்சிட்டு மாட்டிக்கிட்டாரு. பூவு வாடும், புதுத்துணி சாயம் போகும், புதுமாப்பிள்ளைக்கு நரைக்கும், ஆனா, அப்படிங்காரு. இந்த ஆனாவ நான் எத்தனை தரம் கேட்டிருக்கேன். அந்த ஆனாவுக்குப் பொறவு வாரது எதையும் ஒருத்தரும் பாத்தது கெடையாது. சாயம் போறத பாத்திருக்கேன், நரைக்கிறத பாத்திருக்கேன், அஞ்சு நாள்ல ஒருத்தன் கண்ணுக்குள்ள வெளக்கு கொறையிறத பாத்திருக்கேன். அங்க என்ன இருக்கு. அங்க அவன் இப்ப என்ன செய்தான். வயரு உண்டா அங்க. மிக்சர் உண்டா. பொன் வீதியாம், ஓபேதுக்குப் பொன்னப் புடிக்காது, செயின் போட்டா கழுத்து அரிக்கும்பான். சதாகாலமும் துதிப்பாங்களாம், ஞாயித்துக்கெழம ரெண்டு மணி நேரத்துக்கே அவன் நடுவுல எறங்கிப்போயி டீ குடிச்சிட்டு வருவான். அவனுக்கு ஏத்த ஒரு எடத்த யாராவது சொல்லுங்க, நான் நம்புதேன். ஒரு டீக்கடைய வைங்க அங்க. வைக்க மாட்டீங்க. அம்மா கைக்குட்டை இன்னும் மடிச்சபடி. அவ என்னப் பாக்காளா. இல்ல, பாஸ்டரத்தான் பாக்கா. இல்ல. முக்காட்டு நெழல்ல கண்ணு தெரியல. கையெல்லாம் வேர்க்கி, பேண்ட்ல தொடைச்சேன், ரெண்டு கையையும் தொடைக்கு அடில வச்சு மேல உக்காந்துக்கிட்டேன். அது தானா போகும்னு பயம், அன்னைக்குப் போன மாதிரி.

கழட்டிட்டாரு. மடக்கி சட்டைப்பைல வச்சாச்சு. கண்ண மூடிக்கிட்டு, கொரல எறக்கி, அன்பான தேவஜனமேங்காரு. நான் வாசிக்கல. எடது கை தொடைக்கு அடில துடிக்கி, அமுக்கி வச்சிருக்கேன். நாம இந்தப் பூமில நெலையா இருக்கப் போறதில்லங்காரு. ஃபேன் சத்தம். நாலு ஃபேனு ஓடுதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது, அதுல ஒண்ணு ஒவ்வொரு சுத்துக்கும் டக்குங்குது. கீழ டயர் கடைல எவனோ ஸ்பேனர கீழ போட்டான், கெட்ட வார்த்தை சொன்னான், தெளிவா கேட்டுச்சு, முன்வரிசைல ரெண்டு பேரு இருமுனாங்க. பாஸ்டர் கண்ண மூடிக்கிட்டே மொகத்த என் பக்கம் திருப்புனாரு, காத்திருந்தாரு, திருப்பிக்கிட்டாரு. ரூபன் கால நீட்டி என் ஸ்டூல ஒதைக்கான், ஏல, ஏல. பாஸ்டரோட மச்சான் மிக்சரப் பாத்து பேயறஞ்ச மாதிரி முழிக்காரு. பிரியமானவங்கள மறுபடியும் பாப்போம்னு நிச்சயம் உள்ளவங்க எந்திரிங்க. அவரு கொரலு ஒல்லியா இருந்துச்சு, சளி புடிச்ச ஒரு வயசானவரு கொரலு, அவருக்கு இவ்வளவு வயசாயிட்டா. எப்பவும் இந்த எடத்துல எரநூறு சேரு தரையில உரசுற சத்தம் அலை மாதிரி வரும். இப்ப ஒரு சேரு. நாலு சேரு. ஒரு அண்ணன் பாதி எந்திரிச்சு, சுத்திப் பாத்துட்டு, வேட்டிய சரி பண்ண எந்திரிச்ச மாதிரி உக்காந்துட்டாரு. எங்கம்மா உக்காந்திருக்கா. நான் ஜெயிச்சிட்டேன். பாத்தியா, நான்தான், என் வெரலுதான், மேல ஒண்ணும் இல்ல, ஒரு வீடும் இல்ல, ஒரு சாவியும் இல்ல, ஜெயிச்சிட்டேன். எந்திரிம்மா. தயவுசெஞ்சு எந்திரிச்சிரு. நான் சும்மா பாத்தேன். எந்திரி.

எந்திரிச்சா. பைபிள சேருல வச்சா, முக்காட்ட இழுத்துவிட்டா, கைய ஒசத்தல, நடக்கா. ஆமென், ஒரு தாயார் முன்னாடி வாராங்கன்னு கண்ணத் தொறந்த பாஸ்டர் மொகம் தெரியாமலே கைய நீட்டுதாரு, தலைல வச்சு ஜெபிக்க. அவ அந்தக் கைக்கு அடில குனிஞ்சு, அவரத் தாண்டி, நேரா எங்கிட்ட வந்துட்டா. கீபோர்டுக்குப் பின்னால குனிஞ்சு பிளக்கப் புடிச்சு அமுக்குனா, ஓபேது செய்ற மாதிரியே, ரெண்டு தரம். நிமிந்து பாத்தா செவப்பு லைட்டு எரியுது. "லைட்டு எரியுதே." தொடைக்கு அடில இருக்க என் கையப் பாத்தா. "வேணும்னுதான் சும்மா இருக்கியா." தலைய ஆட்டுனேன். "நான் எந்திரிக்கேனான்னு பாத்த." அதுக்கும் ஆட்டுனேன். அவ கோவப்படல. கொரல எறக்கிக்கிட்டா, மைக்குல விழாம. "போன வாரமும் ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி வெளாடுன. எனக்குத் தெரியாதா. ஜி மைனராம்ல அதுக்குப் பேரு. அவன் சொல்லியிருக்கான், சமையக்கட்டுல வந்து நின்னு எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லுவான்." நான் குனிஞ்சு கேட்டேன். "அப்ப பொய்யின்னு தெரிஞ்சேவா." "எது பொய்யி? அவன் அங்க இருக்கான். அதுக்கு ஒன் பொட்டி வேண்டாம். நம்புறத நான் பாத்துக்கிடுதேன், அது என் பாடு." கைக்குட்டைய விரிச்சா. "எனக்கு அழணும்ல. வீட்ல ஒன் மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்கன போயி அழ. ஏழு நாளா சேத்து வச்சிருக்கேன். வாசி."

கைய எடுத்தேன், மரத்துப் போயிருந்தது. எஃப். எங்க ஆரம்பிச்சதுன்னு இந்தத் தரம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், வால்யூம் தூக்கி அடிச்சிருச்சு, அளவே இல்ல. அவ எடத்துக்குத் திரும்பிப் போகல, கீபோர்டோட ஓரத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா, அவ வெரலு என் வெரலுக்கு ஒரு சாண் தள்ளி. ஜி மைனருக்குப் போகணும். அவ காத்திருக்கா, மொகத்த மூடிட்டா, இன்னும் ஆரம்பிக்கல. அந்தக் கருப்புக் கட்டை மேல மெல்லிசா தூசி படிஞ்சிருந்தது, சுத்தி எல்லாக் கட்டையும் பளபளன்னு இருக்கு, அது ஒண்ணு மட்டும். அமுக்குனேன். மிஷின்தான், அதே சத்தந்தான், ஆனா விட்டு விட்டு அடிக்கல, நான் கை எடுக்கிற வரைக்கும் நிக்கும். அம்மாவுக்கு வந்துருச்சு. சத்தம் போட்டு, வாய் விட்டு, ஏ ராசா, ஏ ராசான்னு கீபோர்டு மேல சாஞ்சு அழுதா. பின்னாடி சேரெல்லாம் உரசுற சத்தம் வருது, எந்திரிக்காங்க, எந்திரிக்கட்டும், அத நான் பாக்கல. நான் நம்பல. இப்பவும் நம்பல, மேல ஒரு டீக்கடை இருக்கும்னு எனக்குத் தோணல. கட்டைல தண்ணி விழுந்து வெரலு வழுக்குது, அது அவளோடதா என்னோடதான்னு தெரியல. பாஸ்டர் ஜெபத்த முடிச்சாரு, ஆமென் சொல்லிட்டாரு, சட்டைப்பைல இருந்து கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு அறிவிப்புத் தாள விரிச்சு, புதன்கெழம உபவாசக் கூட்டம்னு ஆரம்பிச்சவரு, என் பக்கம் திரும்பி கண்ணாடிய ஒரு தரம் கழட்டி மறுபடியும் மாட்டிக் காட்டுனாரு. மாட்டுனா நிறுத்தணும். அம்மா இன்னும் அழுது முடிக்கல. நான் நிறுத்தல.